பொட்டலத்தில் வந்த யுத்தம்

போகியன்று எதைக் கொளுத்துவது, எதை வைத்துக்கொள்வது என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் அபிப்பிராய பேதம் வராத வருஷம் கிடையாது. பழையது எல்லாம் போக வேண்டும் என்பது அவள் கட்சி. அப்படியானால் இந்த வீட்டில் முதலில் போக வேண்டியவன் நான்தான் என்பது என் கட்சி. இந்த வருஷம் தகராறு என் ஆயாவின் டிரங்குப் பெட்டியில் வந்து நின்றது.

ஆயா என்றால் எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் பாட்டி. அவள் கலியாணத்துக்கு வந்த தகரப் பெட்டி அது. ஒரு காலத்தில் அதற்குப் பச்சை வர்ணம் இருந்தது. மூடியின்மேல் இரண்டு கிளிகளும் இருந்தன. வர்ணம் உதிர்ந்தபோது கிளிகளும் பறந்துவிட்டன. கீல் ஒன்று இல்லை. பூட்டு உண்டு, சாவி கிடையாது. காயலான் கடைக்காரர்கூட அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, குழந்தையைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி ஜாக்கிரதையாகக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"இத கொளுத்தவும் முடியாது, விக்கவும் முடியாது. வெச்சிக்கிட்டு என்னா பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி.

பதில் தோன்றாத சமயங்களில் எதையாவது திறந்து பார்ப்பது என் வழக்கம். பெட்டியைத் திறந்தேன். உள்ளே நாலு பக்கமும் இரண்டாவது உலக யுத்தம் ஒட்டியிருந்தது.

வாஸ்தவமாகத்தான் சொல்லுகிறேன். தகரத்தின் துரு புடவையில் பிடிக்காமல் இருப்பதற்காக, என் தாத்தா தம்முடைய மளிகைக் கடையில் கிடந்த பழைய தினசரிகளைக் கிழித்து உள்ளே ஒட்டியிருக்கிறார். யுத்தம் முடிந்த சமயத்தில் ஒட்டியிருக்க வேண்டும். கடைசித் தாள் 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த செய்தியோடு நிற்கிறது. ஒட்டிய பசை புளியங்கொட்டைப் பசை. கொட்டை, கல்வராயன் மலைப் புளியின் கொட்டை. இன்றைக்கும் நகத்தால் சுரண்டினால் வரவில்லை. ஹிட்லரையும் சர்ச்சிலையும் எண்பது வருஷம் சண்டையில்லாமல் அருகருகே இருக்கச் செய்யச் சர்வதேச சங்கத்தால் முடியவில்லை. எங்கள் மலைப் புளியங்கொட்டையால் முடிந்திருக்கிறது.

பத்திரிகையின் பெயர் இருந்த இடத்தைக் கரப்பான் பூச்சிகள் சாப்பிட்டுவிட்டன. செய்திகளிலும் பாதி போய்விட்டது. தலைப்புகள் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்ததால் தப்பித்தன. தாத்தாவுக்கோ துருவின்மேல் இருந்த அக்கறை உலக சரித்திரத்தின்மேல் இருக்கவில்லை. ஒரு தாளின் பாதியை இன்னொரு தாள் மறைக்கும்படி ஒட்டியிருக்கிறார். அதனால் சரித்திரத்தில் சில புதுமைகள் நேர்ந்திருக்கின்றன.

"ரோமாபுரியில் நேசப் படைகள் பிரவேசம்" என்று ஒரு தலைப்பு. அடுத்த வரி, மேலே ஒட்டிய தாளிலிருந்து: "கால் பவுண்டு டப்பாவிலும் கிடைக்கும்." முஸோலினி பதவியிழந்தது 1943 ஜூலையில். எங்கள் பெட்டியில் அதற்குக் கைகண்ட காரணம் கொடுத்திருக்கிறது: "நாள்பட்ட மலச்சிக்கல்." இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஸ்டாலின்கிராடு. "ஸ்டாலின்கிராடில் கடும் போர்" என்பதற்கு நேர் கீழே, "குடும்பத்துடன் கண்டு களியுங்கள், இன்றே கடைசி" என்றிருந்தது.

நான் சிரித்த சிரிப்பில் மனைவி போகிக் குப்பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். நானோ பெட்டிக்குள் தலையை விட்டபடி, இந்தத் தலைப்புகள் எங்கள் ஊருக்கு வந்து என்ன செய்திருக்கும் என்று கற்பனை செய்ய ஆரம்பித்துவிட்டேன். கதை எழுதுகிறவனுக்கு இது ஒரு வியாதி. கல்லூரி வாசலை இரண்டு வருஷத்துக்குமேல் மிதிக்காதவன் வேறு. சரித்திர ஆசிரியர்கள் கையில் அகப்படாததால், சரித்திரத்தை இஷ்டப்படி நடத்திக்கொள்ளும் தைரியம் எனக்கு மிச்சமிருக்கிறது.

முதலில் ஒரு செய்தி எங்கள் ஊருக்கு வந்து சேருகிற விதத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கள்ளக்குறிச்சி தென்னார்க்காடு ஜில்லாவில் ஒரு தாலுகாத் தலைநகர். (தனி மாவட்டமானது 2019-ல்.) சென்னையிலிருந்து வரும் தினசரி சின்னசேலம் ஸ்டேஷன் வரை ரயிலில் வரும், அங்கிருந்து பத்து மைல் பஸ்ஸில். யுத்தத்தின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்துவிட்டதால், பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு, அந்தப் புகையில் ஓட்டினார்கள். பையன் ஒருவன் கைப்பிடியைச் சுற்றோ சுற்றென்று சுற்றி அடுப்பை மூட்டுவானாம். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். ஆக, சிங்கப்பூர் வீழ்ந்த செய்தியை எங்கள் ஊர்க்காரர்கள் சும்மா படிக்கவில்லை. பத்து மைல் தள்ளிக்கொண்டு வந்து படித்தார்கள். காசைக் கொடுத்து வாங்கின சமாசாரத்தைவிடத் தள்ளிக்கொண்டு வந்த சமாசாரத்துக்கு மதிப்பு அதிகம்.

தாத்தா கடையில் ஒரு வாத்தியார் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் மூட்டைகளின்மேல் உட்கார்ந்து கேட்பார்கள். ஜப்பான்காரன் வருவானா, வந்தால் எந்த வழியாக வருவான் என்பதுதான் பெரிய விவாதம். ஒருவர் கடலூரில் இறங்கி விருத்தாசலம் வழியாக வருவான் என்பாராம். இன்னொருவர், அவனுக்குச் சின்னசேலத்தில் இறங்குவதுதான் சௌகரியம் என்பாராம், ஏதோ ஜப்பான்காரன் மாமியார் வீட்டுக்கு வருகிறவன் போல. அவன் எதற்காகக் கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது ஊருக்கு மரியாதைக் குறைவு. கடைசியில் மல்லாட்டைக்காகத்தான் வருகிறான் என்று முடிவு கட்டினார்களாம். உலகத்தில் மல்லாட்டை இப்படி விளைகிற இடம் வேறு எங்கே இருக்கிறது?

சிரிக்கிறோம். ஆனால் அந்தப் பயம் பைத்தியக்காரப் பயமல்ல. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் போயிற்று. மார்ச் 8-ல் ரங்கூன் போயிற்று. ஏப்ரல் 5-ல் கொழும்பில் குண்டு, 6-ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு, 9-ல் திருகோணமலையில் குண்டு. சென்னை காலியாயிற்று. சர்க்கார் காரியாலயங்களே உள்நாட்டு ஊர்களுக்கு மூட்டை கட்டின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று, சென்னை மிருகக்காட்சிசாலையில் இருந்த சிங்கம் புலிகளைச் சுட்டே கொன்றுவிட்டார்கள். ஜப்பான் யுத்தத்தில் சென்னைச் சிங்கங்கள் செத்தன என்று நான் கதையில் எழுதியிருந்தால், கற்பனை அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று பத்திராதிபர் திருப்பி அனுப்பியிருப்பார்.

பட்டணத்தை விட்டு வந்தவர்களில் தாத்தாவுக்குத் தூரத்து உறவாக ஒரு குடும்பம் எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. ஆயாவுக்கு அப்போது பதினைந்து வயது.

"வந்த ஒடனே காப்பி கேட்டாங்கடா. எனக்கு நீச்சத்தண்ணி தெரியும், மோரு தெரியும். காப்பி யாருக்குத் தெரியும்? அந்தம்மா வெச்சிக் காமிச்சாங்க. ரெண்டு மாசத்துல அவங்க போயிட்டாங்க. காப்பி போவல" என்பாள் ஆயா.

சிங்கப்பூர் வீழ்ச்சியின் விளைவுகளைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்குக் காப்பி வந்தது எதிலும் இல்லை.

தலைப்புச் செய்தி ஊருக்குள் புகுந்து இப்படி வேஷம் மாறிக்கொள்வது முதல் யுத்தத்திலேயே ஆரம்பித்துவிட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போயிற்று. கப்பல் அந்த நவம்பரிலேயே நாசமாயிற்று. ஆனால் பேர் தமிழில் குடியேறிவிட்டது. நான் அடுக்குப் பானையிலிருந்து வெல்லம் திருடின போதெல்லாம் ஆயா என்னை "எம்டன்" என்றுதான் திட்டினாள். ஜெர்மன் கடற்படைக்கு இதைவிடச் சாசுவதமான வெற்றி வேறு கிடைத்ததாகத் தெரியவில்லை.

ஊர்க் கதை இது. எங்கள் ஊருக்கு மேற்கே கல்வராயன் மலை இருக்கிறது. கச்சிராயபாளையம் தாண்டி ஏற வேண்டும். வெள்ளிமலை, கரியாலூர் என்று மேலே ஊர்கள். அங்கே வசிப்பவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை, பேசுவது தமிழ். மலையை ஆளுகிறவர்கள், அதனால் மலையாளி. காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக அவர்களுக்குள் கதை உண்டு. மலையின் ஒரு சரிவு சேலம் ஜில்லா, இன்னொரு சரிவு தென்னார்க்காடு. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்குக் கொண்டு வந்தாரே, அப்போது மலையின் அந்தச் சரிவில் குடித்தால் குற்றம், இந்தச் சரிவில் குடித்தால் குற்றமில்லை. உச்சியில் நின்று குடித்தவனை என்ன செய்தார்கள் என்று விசாரிக்க ஆசை. விசாரிக்க ஆள் இல்லை.

அந்த மலைக்கு அப்போது பஸ் கிடையாது, தபாலும் தினசரியும் கிடையாது. ஆனால் யுத்தம் போயிற்று. எப்படியென்றால், பொட்டலமாகப் போயிற்று.

மலைக்காரர்கள் சாமை, புளி, கடுக்காய், தேன் எல்லாம் தலைச்சுமையாகக் கொண்டுவந்து தாத்தா கடையில் போடுவார்கள். பதிலுக்கு உப்பு, மிளகாய், வெல்லம், துணி வாங்கிப் போவார்கள். யுத்தத்தில் காகிதப் பஞ்சம். தினசரிகளே பக்கத்தைக் குறைத்துவிட்டன. வாழைச் சருகிலும் மந்தார இலையிலும் கட்டினது போக, மிளகு, பெருங்காயம் மாதிரி சில்லறைச் சாமான்களுக்குத் தாத்தா பழைய தினசரியைக் கிழிப்பார். இங்கேதான் என் கற்பனை கட்டவிழ்த்துக்கொண்டது.

தாத்தா கடையில் பழைய தாள்கள் தேதி வாரியாகவா அடுக்கியிருக்கும்? கைக்கு வந்ததைக் கிழிப்பார். ஆகவே மலைமேல் யுத்தம் தேதிப்படி நடக்கவில்லை, சாமான் தீருகிறபடி நடந்தது. வெள்ளிமலையில் ஒரு பெரியவர். எழுத்துக் கூட்டத் தெரிந்த பேரன் ஒருவன். பெருங்காயப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள்: "ஹிட்லர் மரணம்." நல்லது, ஒரு சனியன் ஒழிந்தது. மறுவாரம் கொத்தமல்லிப் பொட்டலம்: "ரஷ்யாமீது ஹிட்லர் படையெடுப்பு." பெரியவர் மிரண்டுபோகிறார். செத்தவன் படையெடுத்து வருகிறான் என்றால் அவன் சாமானியப் பேயல்ல. காளிக்கு ஒரு சேவல் நேர்ந்துகொள்கிறார். அடுத்த மாதம் சீரகம்: "ஜெர்மனி சரண்." சேவலுக்குக் கைமேல் பலன்! ஸ்டாலின், சர்ச்சில் எல்லாரும் தங்களால்தான் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ரங்கூன் கதை இன்னும் விசேஷம். முதலில் மிளகில், நேசப் படைகள் ரங்கூனைப் பிடித்தன. அது 1945 மே மாதச் சங்கதி. பிறகு ஓமத்தில், ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். ஆக எங்கள் மலைப் பெரியவரைப் பொறுத்தவரை ரங்கூன் இன்னும் ஜப்பான்காரன் கையில்தான் இருக்கிறது. ஓமம் தீர்ந்து அடுத்த பொட்டலம் வாங்குவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. முஸோலினியைச் சிறையிலிருந்து மீட்டவர்கள் ஜெர்மானியர்களா, கசகசாவா என்பதில்கூட மலையில் இரண்டு அபிப்பிராயம் இருந்திருக்கலாம்.

1943-ல் வந்த ஓட்டைக் காலணாவையும் விட்டேனா? உலோகப் பஞ்சத்தால் சர்க்கார் காலணாக் காசின் நடுவில் பெரிய ஓட்டை போட்டது. பெரியவர் அதைக் கண்ணருகில் வைத்து ஓட்டை வழியே தாத்தாவைப் பார்க்கிறார். "மொதலாளி, நடுவுல இருந்தத யாரு எடுத்தா?" தாத்தா: "சண்டைக்குப் போயிருக்குது, கவுண்டரே." பெரியவர்: "அப்ப, சண்ட முடிஞ்சா திருப்பித் தருவாங்களா?"

இந்த இடத்தில் நானே ரசித்துச் சிரித்து, "பொட்டலத்தில் வந்த யுத்தம்" என்று தலைப்பும் போட்டுவிட்டேன். ஒரு மாதத்துக்கு ஒரு கட்டுரை கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், இன்னும் இரண்டு தலைப்பு அகப்படுமா என்று கைபேசி விளக்கைப் போட்டு மூடியின் உள்பக்கத்தை மூலை மூலையாகப் பார்த்தேன்.

அப்போதுதான் ஓரங்கள் கண்ணில் பட்டன.

தாள்களின் ஓரத்தில் வெள்ளையாக விடுகிறார்களே, அந்த இடத்தில் பென்சில் எழுத்து. தாத்தாவின் கையெழுத்து. காகிதப் பஞ்சத்தில் கணக்கு நோட்டையும் மிச்சம் பிடித்திருக்கிறார். தலைப்பு கொட்டை எழுத்து. இது எறும்பு எழுத்து. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன்.

"மலை ஆள், வெள்ளிமலை. சாமை 3 மரக்கால், மரக்கால் பத்தணா. துணி, மிளகாய், மண்ணெண்ணெய் கொடுத்தது. பழைய பாக்கி சேர்த்து ஆகப் பாக்கி" என்று ஒரு தொகை. 1941 டிசம்பர் தாளில் அப்படி இருந்தது. 1943 தாளின் ஓரத்தில் திரும்பவும் வெள்ளிமலை. சாமை மரக்கால் பத்தணா. பாக்கி ஏறியிருக்கிறது. 1945 தாளிலும் வெள்ளிமலை, சாமை பத்தணா. பாக்கி இன்னும் ஏறியிருக்கிறது. அதே தாளில் எதிர்ப்பக்க ஓரத்தில் ஊர்க்காரர் ஒருவருக்குச் சாமை விற்ற கணக்கு: மரக்கால் ஒன்றே முக்கால் ரூபாய்.

கொஞ்ச நேரம் எனக்குக் கணக்குப் புரியவில்லை. பிறகு நன்றாகப் புரிந்தது. ரங்கூன் போனதும் பர்மா அரிசி நின்றுபோயிற்று. அரிசி கிடைக்காமல் ஊர்க்காரர்கள் மலைச் சாமையைத் தேடி வந்தார்கள். சாமைக்குக் கிராக்கி வந்துவிட்டது. துணி விலையும் மண்ணெண்ணெய் விலையும் ஏறின. எல்லாவற்றின் விலையும் ஏறினபோது ஒன்று மட்டும் ஏறவில்லை: மலைக்காரர் கொண்டுவந்து போட்ட சாமை. அவருக்கு ரங்கூன் விழுந்தது தெரியாது, தெரிந்தாலும் கேட்கிற நிலையில் இல்லை. கடன் இருக்கிறதே!

நான் உட்கார்ந்து கற்பனை செய்துகொண்டிருந்தேனே, ரங்கூன் வீழ்ச்சியின் விளைவு மலையில் என்னவாக இருந்திருக்கும் என்று. விளைவு பொட்டலத்துக்குள் இல்லை. கிழித்துக் கொடுத்தது போக, எங்கள் பெட்டியில் நாங்கள் ஒட்டி வைத்துக்கொண்ட ஓரத்தில் இருந்தது.

தாத்தா கெட்டவர் அல்ல. அவரைப் பற்றி ஊரில் இன்னும் நல்ல பேச்சுத்தான். கோடையில் கடை வாசலில் மோர்ப் பந்தல் போட்டவர். மலைக்காரர்கள் வந்தால் திண்ணையில் உட்காரவைத்துச் சோறு போடுவார் என்று ஆயா சொல்லியிருக்கிறாள். போட்டிருப்பார். அந்தச் சோற்றுக்கு அரிசி எங்கிருந்து வந்தது என்று ஆயாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கடைதான் பிறகு வீடாயிற்று. என் அப்பாவின் படிப்பாயிற்று. நான் இரண்டு வருஷத்தில் விட்டுவிட்டு வந்த கல்லூரிச் சம்பளமும் ஆயிற்று.

இன்னொரு விஷயம் என்னை உறுத்தியது. மூன்று கணக்கிலும் பெயர் இல்லை. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவருக்கும் பெயர் இருக்கிறது. மலையிலிருந்து வந்தவர் "மலை ஆள்". நானும் இப்போது அரை மணி நேரமாக "ஒரு பெரியவர்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரைக் கொத்தமல்லிப் பொட்டலத்தைக் கண்டு மிரளவைத்தேன், சேவல் நேர்ந்துகொள்ளவைத்தேன். தாத்தாவின் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது போலவே நான் கதை எழுதியிருக்கிறேன். பெரியவர் கேட்டதாக நான் கேலியாக எழுதிய கேள்வி ஒன்றுதான் உருப்படியான கேள்வி: நடுவில் இருந்ததை யார் எடுத்தார்கள்?

1943 தாளின் அடி ஓரத்தில் ஒரே ஒரு வரி: "வெட்டிக்குப் போய்விட்டான். இந்த மாதம் வரவில்லை."

வெட்டி என்றால் கூலியில்லாத வேலை. கல்வராயன் மலை அப்போது சர்க்காரின் நேர் ஆட்சியில் இல்லை. மூன்று ஜாகீர்களாக ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்று சொல்லிக்கொள்வார்கள். ஏருக்கு இவ்வளவு, மண்வெட்டிக்கு இவ்வளவு என்று வரி. கூப்பிட்டபோது போய்க் கூலியில்லாமல் உழைக்கவும் வேண்டும். ஸ்டாலின்கிராடில் ஜெர்மானியர் சரணடைந்த வருஷத்தில், வெள்ளிமலைக்காரர் ஒருவர் தம் சாமையை விட்டுவிட்டு வேறொருவர் நிலத்தில் சும்மா உழைத்துக்கொண்டிருந்தார். அந்தச் செய்திக்குக் கொட்டை எழுத்து கிடைக்கவில்லை. தாத்தாவின் பென்சில் கிடைத்தது. அதுவும், சாமை வரவில்லையே என்ற கவலையினால்.

எங்கள் பெட்டி 1945-ல் முடிந்துவிடுகிறது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, அது வரையில் வந்த தலைப்புகளையெல்லாம்விடப் பெரிய தலைப்பு ஒன்று வந்தது, 1947 ஆகஸ்டில். அதையும் எங்கள் ஊர்க்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறக்கி உரக்கப் படித்திருப்பார்கள், மிட்டாய் வழங்கியிருப்பார்கள். ஏதாவது ஒரு பொட்டலத்தில் அது மலைக்கும் போயிருக்கும். பேரன் எழுத்துக் கூட்டிப் படித்திருப்பான். ஆனால் ஜாகீர் போகவில்லை. சமவெளியில் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்தது. கல்வராயன் மலை ஜாகீர்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது 1976-ல். சுதந்திரத்துக்குப் பிறகு இருபத்தொன்பது வருஷம்! ஹிட்லர் செத்த சேதி பெருங்காயத்தோடு இரண்டு மாதத்தில் ஏறியிருக்கும் மலையில், சுதந்திரம் ஏற இருபத்தொன்பது வருஷம் ஆயிற்று. இந்தத் தாமதத்தை நான் கற்பனை செய்யவில்லை. கற்பனை செய்திருந்தால், சென்னைச் சிங்கம் மாதிரி இதுவும் நம்பும்படி இல்லையென்று திரும்பி வந்திருக்கும்.

செய்தி வருவது வேறு, செய்தியின் பலன் வருவது வேறு. காகிதம் காற்றில் பறக்கும். பலன் நடந்துதான் வர வேண்டும். நடுவழியில் என் தாத்தாவைப் போன்ற நல்லவர்கள் கடை வைத்திருக்கிறார்கள்.

2024 ஜூன் மாதத்தில் எங்கள் ஊரே தலைப்பாயிற்று. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் அன்றாடக் கூலிக்காரர்கள். பெயரைக் கேட்டால் எந்த ஜில்லா என்று விசாரிக்கிற ஊர், ஒரே நாளில் டில்லி வரைக்கும் தெரிந்துவிட்டது. வெளியூர் நண்பர்கள் டெலிபோனில் கூப்பிட்டு, "உங்க ஊர்தானே?" என்றார்கள். பிறகு கேலிகளும் வந்தன. கைபேசியில் இருந்து கைபேசிக்கு, எங்கள் ஊர்ப் பெயரை வைத்து. ஒன்றிரண்டு சாமர்த்தியமாகக்கூட இருந்தன. எனக்கு வயிறு எரிந்தது. அழுகைச் சத்தம் கேட்கிற தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு அவற்றைப் படித்தேன். அவர்கள் தூரத்தில் இருந்து படிக்கிறார்கள், அதனால் சிரிப்பு வருகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால், "ஸ்டாலின்கிராடு, இன்றே கடைசி" என்று விழுந்து விழுந்து சிரித்த எனக்கும் அந்த நண்பர்களுக்கும் என்ன வித்தியாசம்? எனக்கு இன்னும் கொஞ்சம் தூரம் அதிகம், அவ்வளவுதான்.

அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் எல்லார் பார்வையும் மலைப் பக்கம் திரும்பியது. சாராயம் காய்ச்சுகிற மலை என்றுதான் முதலில் பார்த்தார்கள். அந்த ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை ஜனங்களின் நிலைமையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு, அங்கே ரோடு இருக்கிறதா, பஸ் இருக்கிறதா, வைத்திய வசதி உண்டா என்று சர்க்காரைக் கேட்டது. கேட்ட வருஷம் 2024. தாத்தாவின் கணக்கில் முதல் பாக்கி ஏறினது 1941.

சிரிக்கக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. சிரிப்பு என் தொழில். இன்னொரு மாதம் இன்னொரு பெட்டியைத் திறப்பேன், சிரிப்பேன். ஆனால் தலைப்பைப் படித்துச் சிரிக்கிறவன், ஓரத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கொட்டை எழுத்து உலகத்துக்கு என்ன நடந்தது என்று சொல்லுகிறது. நம் வீட்டுக்கு என்ன கிடைத்தது என்பதைப் பென்சில்தான் சொல்லுகிறது.

வெகு நேரம் சத்தம் இல்லாததால் சந்தேகப்பட்டு, மனைவி மறுபடியும் வந்து எட்டிப் பார்த்தாள். ஓரத்தைக் காட்டினேன். அவள் தலைப்பு ஒன்றையும் பார்க்கவில்லை. விரலை வைத்து மூன்று கணக்கையும் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மாதச் சீட்டுக் கட்டுகிறவள் ஆகையால் என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்டாள்.

"இந்தப் பாக்கி என்னா ஆச்சி?" என்றாள்.

"தெரியவில்லை. அவர் கொடுத்துத் தீர்த்தாரோ என்னமோ."

"நான் அவர் பாக்கியக் கேக்கலீங்க" என்றாள் அவள்.

வெளியே போகி நெருப்பு அணைந்திருந்தது. பெட்டியை மூடப் போனேன். கீல் இல்லாத பக்கம் சரிந்தது. அவள் ஒரு கை கொடுத்தாள். இரண்டு பேருமாகத் தூக்கிப் பழைய இடத்திலேயே வைத்தோம்.